சிறிய அரசு நடுநிலைப் பள்ளியின் எண்களை எப்படிப் படிப்பது? அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் வீடு மாற நினைக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர், வீட்டைப் பார்க்கும் முன்பே அந்த வட்டாரத்துப் பள்ளியின் எண்களைப் பார்த்துவிடுகிறார்கள். தேர்ச்சி சதவீதம், இனவாரியான மாணவர் பங்கு, இலவச மதிய உணவு பெறுவோர் பங்கு, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடுகின்றன. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிக்கு இந்த எண்களை ஓரளவு நம்பிப் படிக்கலாம். 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புகளையும் சேர்த்தே 150 பேர் மட்டும் படிக்கும் பள்ளிக்கு இதே எண்களை வேறு விதமாகப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்காததால் நல்ல பள்ளிகளைக் குடும்பங்கள் தவிர்ப்பதும், ஒரே ஆண்டின் எண்ணை நம்பிப் பெருங்கடனில் வீடு வாங்குவதும் நடக்கின்றன. இந்தப் பதில்கள் அந்தக் கவலையிலிருந்து எழுதப்பட்டவை.

தேர்ச்சி விவரங்களை வெளியிடுவது யார்? எந்தத் தேர்வின் அடிப்படையில்?

மாநிலக் கல்வித் துறைதான் வெளியிடுகிறது. கூட்டாட்சி அரசின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம் 1965-இல் வந்தது. அதைத் திருத்தி, 2002 ஜனவரியில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம், 3 முதல் 8 வரையிலான ஒவ்வொரு வகுப்புக்கும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் மாநிலத் தேர்வு நடத்த வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட ‘எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்’ சட்டம், தண்டனை முறைகளைத் தளர்த்தி மாநிலங்களுக்கு அதிகாரத்தைக் கூட்டினாலும், இந்தத் தேர்வுகளை அப்படியே வைத்துக்கொண்டது. உயர்நிலைப் பள்ளியில் இந்த இரண்டு பாடங்களுக்கும் ஒரு முறை தேர்வு வைத்தால் போதும் என்றிருக்க, நடுநிலைப் பள்ளியில் மூன்று வகுப்புகளும் ஒவ்வோர் ஆண்டும் எழுதுகின்றன. ஆகவே நடுநிலைப் பள்ளியைப் பற்றி எண்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் படிக்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும்.

‘ப்ரொஃபிஷியன்ட்’, அதாவது தரநிலையை எட்டியவர், 62 சதவீதம் என்றால் 62 பேர் பாஸ், 38 பேர் ஃபெயில் என்று பொருளா?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் 35 மதிப்பெண் என்பது போன்ற பொதுவான கோடு இங்கே கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று தேர்வையும் வெட்டு மதிப்பெண்ணையும் வைத்துக்கொள்கிறது. கலிஃபோர்னியாவில் நான்கு நிலைகள் உண்டு. டெக்சாஸின் ஸ்டார் தேர்விலும் நான்கு நிலைகள் இருந்தாலும் அவற்றின் பெயரும் பொருளும் வேறு. அங்கே ‘அப்ரோச்சஸ்’ (நெருங்குகிறார்) நிலையை எட்டினாலே தேர்ச்சி, ‘மீட்ஸ்’ (எட்டினார்) என்பது அதற்கு மேலான நிலை. எனவே டெக்சாஸ் பள்ளி ஒன்றின் சதவீதத்தையும் கலிஃபோர்னியப் பள்ளி ஒன்றின் சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. வேலை மாறி மாநிலம் விட்டு மாநிலம் போகும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாநிலங்களை ஒப்பிட உதவுவது நேப் எனப்படும் தேசியத் தேர்வு. 4, 8 ஆகிய வகுப்புகளில் மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு மட்டும் அது நடத்தப்படுகிறது. தனிப்பட்ட பள்ளிகளுக்கு அதில் முடிவு வெளியிடுவதில்லை. கொரோனாவின் பாதிப்பு எவ்வளவு என்பதை அதில் தெளிவாகப் பார்க்கலாம். 8-ஆம் வகுப்புக் கணிதத்தின் தேசிய சராசரி 2019-இல் 282 ஆக இருந்தது. 2022-இல் 274 ஆக இறங்கியது. உங்கள் வட்டாரப் பள்ளியின் கணிதத் தேர்ச்சி அந்த ஆண்டுகளில் குறைந்திருந்தால், நாடெங்கும் குறைந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு 8-ஆம் வகுப்புக் கணிதத்தில் 71 சதவீதம். இந்த ஆண்டு 58 சதவீதம். பள்ளி சரிந்துவிட்டதா?

சிறிய பள்ளிகளைப் பற்றி மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

சதவீதத்தை முதலில் தலைகளாக மாற்றுங்கள். 8-ஆம் வகுப்பில் 48 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 71 சதவீதம் என்றால் 34 பேர். 58 சதவீதம் என்றால் 28 பேர். ‘13 புள்ளிச் சரிவு’ என்று வரைபடத்தில் செங்குத்தாக இறங்கும் கோட்டின் பின்னால் இருப்பவர்கள் ஆறு பிள்ளைகள். ஒரு பிள்ளையின் முடிவு மாறினாலே பள்ளியின் எண் 2 புள்ளி மாறிவிடும். அந்த ஆறு பேரில் இருவர் வெட்டு மதிப்பெண்ணுக்கு ஓரிரு மதிப்பெண் கீழே நின்றிருக்கலாம். ஒருவர் பிப்ரவரியில் வேறு மாநிலத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கலாம். ஒருவருக்குத் தேர்வன்று காய்ச்சல் இருந்திருக்கலாம். மீதி இருவர் உண்மையிலேயே பாடத்தில் பின்தங்கியிருக்கலாம். இதில் எது பள்ளியின் குறை, எது தற்செயல் என்று சதவீதம் சொல்லாது.

அதைவிட முக்கியமானது, இரண்டு ஆண்டுகளிலும் தேர்வெழுதியவர்கள் ஒரே பிள்ளைகள் அல்லர். சென்ற ஆண்டின் 8-ஆம் வகுப்பினர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். இந்த ஆண்டினர் முற்றிலும் வேறொரு குழு. ஆசிரியரும் பாடத்திட்டமும் பாடவேளையும் கொஞ்சமும் மாறாமல் இருந்தாலும், குழு மாறினாலே எண் மாறும். புள்ளியியலின் எளிய கணக்கு ஒன்றைச் சொன்னால், 48 பேர் கொண்ட வகுப்பில், தற்செயலால் மட்டுமே ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையே 10 புள்ளி அளவுக்கு ஏற்ற இறக்கம் இருப்பது வெகு சாதாரணம். 400 பேர் கொண்ட வகுப்பில் அதே தற்செயல் 3 புள்ளி அளவுக்குத்தான் அசைக்கும். பிள்ளைகள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதால் இதைத் துல்லியமான விதியாகக் கொள்ள முடியாது. ஆனால் எதைக் கண்டு பதற வேண்டும், எதைக் கண்டு பதற வேண்டாம் என்பதற்கு இது போதுமான வழிகாட்டி.

அப்படியென்றால் செய்ய வேண்டியது என்ன? மூன்று ஆண்டுகளின் மாணவர் எண்ணிக்கையையும் தேர்ச்சி பெற்றோர் எண்ணிக்கையையும் தனித்தனியே கூட்டி, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். 48 பேர் 144 பேராகும்போது எண் நிதானப்படும். மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து ஒரே திசையில் இறங்கியிருந்தால் அப்போது கவலைப்படலாம். 2020 வசந்த காலத்தில் நாடெங்கும் மாநிலத் தேர்வுகள் நடக்கவில்லை, 2021-இல் பல இடங்களில் எல்லாரும் எழுதவில்லை என்பதால் அந்த இரண்டு ஆண்டுகளையும் கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்லது.

மாநிலத்தின் முதல் பத்துப் பள்ளிகளில் சிறிய பள்ளிகள் நிறைய இருக்கின்றனவே. சிறியதாக இருப்பதே சிறப்பா?

அதே பட்டியலின் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். அங்கும் சிறிய பள்ளிகளே அதிகம் இருக்கும். பொருளியல் ஆய்வாளர்கள் தாமஸ் கேனும் டக்ளஸ் ஸ்டைகரும் வட கரோலினா மாநிலத்தின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து 2002-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். மேலே சொன்ன ஏற்ற இறக்கத்தின் நேரடி விளைவு இது. குறைந்த எண்ணிக்கை உள்ள இடத்தில் முடிவுகள் இரண்டு ஓரங்களுக்கும் எளிதில் போகும். சிறிய பள்ளியில் ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிந்திருப்பது உண்மையான நன்மைதான். அதற்கான சான்றைத் தரவரிசைப் பட்டியலில் தேட வேண்டாம்.

பல கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி இருக்கிறது. பள்ளி எதையாவது மறைக்கிறதா?

இல்லை. ஒரு பிரிவில் மிகச் சிலரே இருந்தால், சதவீதத்தைப் போட்டாலே அது இன்னார் மகனின் மதிப்பெண் என்று ஊருக்கே தெரிந்துவிடும். 1974-ஆம் ஆண்டின் மாணவர் தகவல் தனியுரிமைச் சட்டத்தைப் பின்பற்றி அந்தக் கட்டங்களை மாநிலங்கள் மூடிவைக்கின்றன. எத்தனை பேருக்குக் கீழே மூடுவது என்பதை ஒவ்வொரு மாநிலமும் முடிவு செய்கிறது. கலிஃபோர்னியாவின் பள்ளித் தகவல் பலகையில், ஒரு பிரிவில் 11 பேருக்குக் குறைவாக இருந்தால் விவரம் காட்டப்படாது. பொதுவாக 30 பேராவது இருந்தால்தான் அந்தப் பிரிவுக்குச் மிகக் குறைந்த நிலையைக் காட்டும் சிவப்பு முதல் மிக உயர்ந்த நிலையைக் காட்டும் நீலம் வரையிலான வண்ணம் தரப்படும்.

இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பள்ளியில் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள் ஒன்பது பேர், அத்தனை பேரும் திணறுகிறார்கள் என்றால், அந்தத் திணறல் எந்த அறிக்கையிலும் தெரியாது. பள்ளி அதற்கென்று மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் எழாது. பெரிய பள்ளியில் 90 பேருக்கு நடந்தால் வெளிச்சத்துக்கு வரும் அதே குறை இங்கே கண்ணில் படாமலே போகிறது. ஆகவே நட்சத்திரக் குறி உள்ள பிரிவில் உங்கள் பிள்ளை வருவாரென்றால், தலைமை ஆசிரியரிடம் நேரில் பேசுவது அவசியம்.

இனவாரியான விவரங்களை ஏன் வெளியிட வேண்டும்? அது பாகுபாட்டை வளர்க்காதா?

பாகுபாட்டைக் கண்டுபிடிக்கத்தான் இந்த விவரங்கள் திரட்டப்படுகின்றன. இனவாரியாகப் பள்ளிகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல். 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தின் ஆணைப்படி ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் நடந்த பேராய்வு 1966-இல் வெளிவந்தது. பள்ளியின் கட்டடத்தையும் செலவையும் விட, பிள்ளையின் குடும்பப் பின்னணியே மதிப்பெண் வேறுபாட்டை அதிகம் விளக்குகிறது என்று அது சொன்னபோது பலர் திடுக்கிட்டார்கள். 2002-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு, பள்ளியின் சராசரி நன்றாக இருந்தாலே போதும் என்று பல இடங்களில் விட்டுவிட்டார்கள். அந்தச் சராசரிக்குள் கறுப்பினப் பிள்ளைகளோ, ஏழைப் பிள்ளைகளோ, மாற்றுத்திறன் பிள்ளைகளோ எங்கே நின்றார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியவில்லை. பிரிவுவாரியாக வெளியிட வேண்டும் என்ற விதியை அந்தச் சட்டத்தின் மிகச் சிறந்த பகுதியாகவே இந்தப் பக்கத்தை எழுதுபவர் கருதுகிறார்.

தமிழ்ப் பிள்ளைகள் எந்தப் பிரிவில் சேர்க்கப்படுகிறார்கள்?

‘ஏசியன்’ பிரிவில். 2010–11 கல்வியாண்டிலிருந்து பள்ளிகள் கூட்டாட்சி அரசுக்கு ஏழு பிரிவுகளில் கணக்குக் கொடுத்துவருகின்றன. சீன, கொரிய, வியட்நாமிய, இந்திய, இலங்கைப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கட்டத்தில் வருவார்கள். தாய் தமிழர், தந்தை வெள்ளையர் என்று இரண்டையும் குறித்தால், பிள்ளை ‘இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனங்கள்’ என்ற பிரிவுக்குப் போய்விடும். ஏசியன் கணக்கில் வராது. ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி, பண்பாட்டு வழி வந்தவர்) என்று குறித்தவர் எந்த இனத்தவரானாலும் அந்தப் பிரிவில் மட்டுமே எண்ணப்படுவார். பெற்றோர் எதையும் குறிக்காமல் விட்டால் பள்ளிப் பணியாளரே பார்த்து நிரப்ப வேண்டும் என்பது விதி. ஆகவே படிவத்தை நீங்களே நிரப்பிவிடுங்கள்.

ஏசியன் பங்கு அதிகமாக உள்ள பள்ளியே நல்ல பள்ளி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?

நம் மொழி பேசும் பிள்ளைகள் நான்கு பேராவது வகுப்பில் இருக்கட்டும் என்று பெற்றோர் விரும்புவதில் தவறே இல்லை. ஆனால் அந்தப் பங்கைக் கற்பித்தலின் தரத்துக்கு அளவுகோலாக்குவது தவறு. அமெரிக்காவுக்குப் படிக்கவும் வேலைக்கும் விசா பெற்று வந்த குடும்பங்களில் பட்டப் படிப்பு படித்த பெற்றோர் மிகுதி. அவர்களின் பிள்ளைகள் பெறும் மதிப்பெண்ணில் வீட்டின் பங்கும் வெளி வகுப்புகளின் பங்கும் பெரிது. அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போயிருந்தாலும் பள்ளியின் சராசரி உயர்ந்திருக்கும். அதே போல, கறுப்பினப் பிள்ளைகளும் ஹிஸ்பானிக் பிள்ளைகளும் அதிகம் உள்ள பள்ளி என்பதற்காகவே அதைப் பட்டியலிலிருந்து நீக்குவது, அங்கே நடக்கும் கற்பித்தலைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்வதாகும். நாமே சிறுபான்மையினராக வாழும் நாட்டில் அந்தப் பழக்கம் நமக்கு வரக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்ல விரும்புகிறோம்.

இலவச மதிய உணவு பெறுவோர் சதவீதம் எதைக் காட்டுகிறது?

பள்ளியில் வறுமை எவ்வளவு என்பதைத் தோராயமாக அறியப் பல ஆண்டுகளாகப் பயன்படும் எண் அது. தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் 1946-இல் வந்தது. குடும்ப வருமானம் கூட்டாட்சி அரசின் வறுமைக் கோட்டில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் உணவு இலவசம். 185 சதவீதத்துக்குள் இருந்தால் குறைந்த விலை. இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுவதால், கடும் வறுமையில் உள்ள வீடும், கைக்கும் வாய்க்குமாகச் சமாளிக்கும் வீடும் அதில் ஒன்றாகிவிடுகின்றன.

இப்போது அந்த எண் முன்பு போல நம்பகமானது அல்ல. 2010-இல் வந்த சட்டத்தின் வழியே, ஏழைக் குடும்பங்கள் மிகுந்த பள்ளிகள் விண்ணப்பமே வாங்காமல் எல்லாருக்கும் இலவசமாக உணவளிக்கலாம் என்ற ஏற்பாடு வந்து, 2014–15 முதல் நாடு முழுவதும் விரிந்தது. பள்ளியில் அரசு உதவி பெறும் குடும்பங்களின் பிள்ளைகள் இத்தனை சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற தகுதி வரம்பு 2023-இல் 40 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கலிஃபோர்னியா, மெயின் போன்ற மாநிலங்கள் வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு தருகின்றன. இதனால் சில பள்ளிகளுக்கு 100 சதவீதம் என்று வரும். அங்கே எல்லாரும் ஏழைகள் என்று பொருளல்ல. வேறு சில இடங்களில் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். நடுநிலைப் பள்ளி வயதில் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம். இலவச உணவு வாங்குகிறான் என்று நண்பர்கள் பேசுவார்களோ என்று படிவத்தை வீட்டுக்குக் கொண்டு போகாத பிள்ளைகள் உண்டு.

அப்படியானால் பள்ளி நன்றாகக் கற்பிக்கிறதா என்பதை எந்த எண்ணில் பார்ப்பது?

வளர்ச்சி எண்ணில். ஆங்கிலத்தில் ‘குரோத்’ என்று அறிக்கையில் தனியாக இருக்கும். தேர்ச்சி சதவீதம், பிள்ளை இப்போது எங்கே நிற்கிறார் என்று சொல்கிறது. வளர்ச்சி எண், சென்ற ஆண்டு நின்ற இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறார் என்று சொல்கிறது. கொலராடோ வடிவமைத்து, பிறகு மாசசூசெட்ஸ் உட்படப் பல மாநிலங்கள் எடுத்துக்கொண்ட முறையில், ஒரு பிள்ளையை அதே போன்ற பழைய மதிப்பெண் கொண்ட மற்ற பிள்ளைகளுடன் ஒப்பிட்டு 1 முதல் 99 வரை ஓர் இடம் கொடுக்கிறார்கள். 50 என்றால் நடுத்தரம். 5-ஆம் வகுப்பில் பின்தங்கி வந்த பிள்ளை 6-ஆம் வகுப்பில் இன்னும் தேர்ச்சிக் கோட்டை எட்டவில்லை, ஆனால் தன் போன்றவர்களில் நூற்றுக்கு 70 பேரைத் தாண்டி முன்னேறியிருக்கிறார் என்றால், அங்கே ஓர் ஆசிரியர் கடுமையாக உழைத்திருக்கிறார். தேர்ச்சி சதவீதம் அந்த உழைப்பைப் பூஜ்ஜியமாகவே காட்டும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் தலைமையிலான குழு, நாடெங்கும் 3 முதல் 8 வரையிலான வகுப்புகளின் தேர்வு முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. சராசரி மதிப்பெண் குடும்ப வசதியோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து நகர்கிறது. ஆண்டுக்கு ஆண்டு வளர்ச்சியோ குடும்ப வசதியோடு அவ்வளவாகச் சேர்ந்து நகரவில்லை என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்பு. அதாவது, வசதி குறைந்த வட்டாரத்துப் பள்ளிகளிலும் மிக நன்றாகக் கற்பிப்பவை உண்டு. வசதியான வட்டாரத்திலும் பிள்ளைகள் கொண்டுவந்த மதிப்பெண்ணிலேயே காலம் தள்ளும் பள்ளிகள் உண்டு.

இந்த எண்ணும் சிறிய பள்ளியில் ஆடும் என்பதால் இதையும் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே பாருங்கள்.

ஏழைப் பிள்ளைகளின் தேர்ச்சியும் கூடியிருக்கிறது, மற்றவர்களின் தேர்ச்சியும் கூடியிருக்கிறது. மொத்தம் மட்டும் குறைந்திருக்கிறதே. அச்சுப் பிழையா?

பிழை இல்லை, கணக்கு சரியாகவே இருக்கும். ஒரு வகுப்பில் 60 பேர் என்று கொள்வோம். முதல் ஆண்டில் வசதியுள்ள பிள்ளைகள் 45 பேரில் 36 பேர் தேர்ச்சி, அதாவது 80 சதவீதம். ஏழைப் பிள்ளைகள் 15 பேரில் 6 பேர், அதாவது 40 சதவீதம். மொத்தம் 42 பேர், 70 சதவீதம். அடுத்த ஆண்டு ஊரில் ஒரு தொழிற்சாலை மூடப்பட்டு, இரண்டு பிரிவிலும் 30 பேர் என்றாகிறது. இப்போது வசதியுள்ளவர்களில் 25 பேர் தேர்ச்சி, 83 சதவீதம். ஏழைப் பிள்ளைகளில் 14 பேர், 47 சதவீதம். மொத்தம் 39 பேர், 65 சதவீதம். இரண்டு பிரிவினருக்கும் பள்ளி முன்பைவிட நன்றாகவே கற்பித்திருக்கிறது. செய்தியில் வருவது ‘5 புள்ளி சரிவு’. மாணவர் விவரங்களையும் தேர்ச்சி விவரங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

8-ஆம் வகுப்புக் கணிதம் மட்டும் 6, 7-ஆம் வகுப்புகளை விட மிகக் குறைவாக இருக்கிறது. ஏன்?

அல்ஜீப்ரா எடுக்கும் பிள்ளைகள் எந்தத் தேர்வு எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 8-ஆம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 படிப்பவர்கள், வகுப்புத் தேர்வுக்குப் பதிலாக அந்தப் பாடத்தின் இறுதித் தேர்வை எழுத மாநிலங்கள் அனுமதிக்கலாம் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. டெக்சாஸில் அப்படித்தான் நடக்கிறது. 50 பேரில் கணிதத்தில் முன்னணியில் உள்ள 18 பேர் அல்ஜீப்ரா தேர்வெழுதி அத்தனை பேரும் தேர்ச்சி பெற, மீதி 32 பேரில் 14 பேர் வகுப்புத் தேர்வில் தேர்ச்சி பெற்றால், 8-ஆம் வகுப்புக் கணிதம் என்ற கட்டத்தில் 44 சதவீதம் என்று வரும். இரண்டையும் சேர்த்தால் 64 சதவீதம்.

சிறிய பள்ளியில் அல்ஜீப்ரா உண்டா என்பதே தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. 12-ஆம் வகுப்பில் கால்குலஸை எட்டும் வழக்கமான வரிசை 8-இல் அல்ஜீப்ரா 1, பிறகு ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ் என்று போகும். சிறிய பள்ளியில் அல்ஜீப்ராவுக்கு ஒரே ஒரு பாடவேளைதான் இருக்கும். அது ஆர்கெஸ்ட்ரா நேரத்தோடு மோதினால் பிள்ளை ஒன்றை விட வேண்டிவரும். சில இடங்களில் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்குக் காலையில் அனுப்புவார்கள், சில இடங்களில் இணைய வழியில் படிக்க வைப்பார்கள். கூட்டாட்சிக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகம் திரட்டும் தரவில், எந்தப் பள்ளியில் 8-ஆம் வகுப்பினர் அல்ஜீப்ரா எடுக்கிறார்கள் என்ற விவரமும் உண்டு.

ஆங்கிலம் கற்றுவரும் மாணவர்களின் தேர்ச்சி எப்போதும் மிகக் குறைவாக இருக்கிறது. பள்ளி அவர்களைக் கைவிட்டுவிட்டதா?

அந்தப் பிரிவின் அமைப்பே அப்படி. ஆங்கிலம் நன்றாக வந்துவிட்டால் பிள்ளை அந்தப் பிரிவிலிருந்து வெளியேற்றப்படுவார். புதிதாக வந்தவர் உள்ளே சேர்வார். நன்றாகக் கற்றவர்கள் தொடர்ந்து வெளியேறும் பிரிவில் சராசரி உயராது. எத்தனை பேர் வெளியேறினார்கள், எத்தனை ஆண்டுகளில் வெளியேறினார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை 8-ஆம் வகுப்பிலும் அதே பிரிவில் இருந்தால், அது கேள்வி கேட்க வேண்டிய விஷயம்.

இதோடு ஒன்று. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி என்ன என்று கேட்கும் படிவத்தில் தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சிச் சிலர் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் என்று எழுதினால் ஒரு சிறிய ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். தேறிவிட்டால் அத்தோடு முடிந்தது. தேறாவிட்டால் பிள்ளைக்குக் கூடுதல் உதவி கிடைக்கும். உண்மையை எழுதுவதால் நட்டமில்லை.

சிறப்புக் கல்வி பெறுவோர் பங்கு அதிகமாக இருந்தால்?

நாடு முழுவதும் அரசுப் பள்ளி மாணவர்களில் சுமார் 15 சதவீதத்தினர் சிறப்புக் கல்வி பெறுகிறார்கள். ஒரு சிறிய பள்ளியில் இது 25 சதவீதமாக இருந்தால், அந்தக் கல்வி மாவட்டம் தன் சிறப்பு வகுப்புகளை அங்கே ஒருங்கே நடத்துகிறதா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் காரணம் அதுவாகவே இருக்கும். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அங்கே கூடுதலாக இருப்பார்கள் என்பதும் அதனால் கிடைக்கும் நன்மை.

நீண்ட விடுப்பு எடுப்போர் பங்கு என்பது என்ன? ஊருக்குப் போய்வருவதும் அதில் சேருமா?

சேரும். பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ எந்தக் காரணத்துக்காக வராமல் இருந்தாலும் ‘க்ரானிக் ஆப்சென்ட்’ என்று எண்ணுவதே பொதுவான வழக்கம். 180 நாள் பள்ளியில் அது 18 நாள். அனுமதி பெற்ற விடுப்பும் கணக்கில் வரும். குளிர்கால விடுமுறையோடு மூன்று வாரம் சேர்த்து ஊருக்குப் போய்வந்தால் அதிலேயே 15 நாள் போய்விடும். பிறகு காய்ச்சலுக்கு மூன்று நாள் எடுத்தால் போதும். சிறிய பள்ளியில் இப்படி ஐந்தாறு குடும்பங்கள் போனாலே பள்ளியின் எண் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறும். பல மாநிலங்கள் இந்த எண்ணைப் பள்ளியின் மதிப்பீட்டில் சேர்க்கின்றன.

12 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று போட்டிருக்கிறது. வகுப்பில் 12 பேர்தான் இருப்பார்களா?

இருக்க மாட்டார்கள். மொத்த மாணவரை மொத்த ஆசிரியரால் வகுத்த எண் அது. சிறப்புக் கல்வி, இசை, உடற்பயிற்சி ஆசிரியர்களும் அதில் அடக்கம்; எந்த ஆசிரியரும் எல்லாப் பாடவேளையிலும் வகுப்பெடுப்பதில்லை. 12 என்று போட்ட பள்ளியில் கணித வகுப்பில் 25 பேர் இருப்பது சாதாரணம். வகுப்பளவைத் தனியாகக் கேளுங்கள்.

வீட்டு விற்பனைத் தளங்களில் வரும் 1 முதல் 10 வரையிலான மதிப்பீட்டை நம்பலாமா?

மாநிலத் தரவைப் பல விதமாகக் கலந்து ஒரே எண்ணாக்கியது அது. தரவு ஓராண்டாவது பழையதாக இருக்கும். 48 பேர் கொண்ட வகுப்பின் ஏற்ற இறக்கம் அதற்குள்ளும் இருக்கிறது. 6-க்கும் 7-க்கும் இடையிலான வேறுபாட்டுக்காக வீட்டு விலையில் பெருந்தொகையைக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பள்ளிக்கு நேரில் போனால் என்னென்ன கேட்கலாம்?

சதவீதத்தைக் கேட்காமல் எண்ணிக்கையைக் கேளுங்கள்: மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் தேர்வெழுதினார்கள், எத்தனை பேர் எழுதவில்லை. 95 சதவீதத்தினராவது எழுத வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. சிறிய வகுப்பில் நான்கு குடும்பங்கள் விலகிக்கொண்டாலே அது தவறிவிடும். கணித ஆசிரியர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். சிறிய பள்ளியில் ஒரே ஒருவர்தான் 7, 8-ஆம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுப்பார், அவர் போய்விட்டால் அடுத்த ஆண்டின் எண்கள் அத்தனையும் மாறும். பின்தங்கி வரும் 6-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு அக்டோபருக்குள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு, பிள்ளையின் பெயரைச் சொல்லாமலே, இப்படி ஒரு பிள்ளை வந்தார், இன்ன நாளில் இன்ன ஆசிரியர் தனியாக அமர்ந்து கற்பித்தார் என்று விவரமாகப் பதில் வருகிறதா, துண்டறிக்கையைக் கையில் கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள். கடைசியாக, இங்கே படித்துப் போன பிள்ளைகள் 9-ஆம் வகுப்புக் கணிதத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று, அவர்கள் போய்ச் சேரும் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் ஆலோசகரிடமும் (கவுன்சிலர்) கேளுங்கள்.